வேகம் மட்டும்தான் குறையும்

'அன்லிமிடெட்' என்ற சொல்லை போன் விளம்பரத்தில் முதன்முதலாகப் போட்ட புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. தெரிந்தால் அவரை அடிக்க வேண்டாம், திட்டவும் வேண்டாம். ஒரே ஒரு மதியம் அந்தப் பல் லேபின் பாலிஷ் மேசையில் உட்கார வைத்து, எதிரே ஒரு போனைச் சாய்த்து வைத்து, அதில் ஆடாமல் நிற்கும் ஒரு சிவப்பு ரிப்பனைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யச் சொன்னால் போதும். சாயங்காலத்துக்குள் அந்தச் சொல்லை அவரே அழித்துவிடுவார்.

பல் லேப் என்றால் பல் பிடுங்குகிற இடம் என்று நினைத்துவிடாதீர்கள். பிடுங்கியாகிவிட்ட வாய்களுக்குப் பல் செட் செய்து அனுப்புகிற இடம். டாக்டர்கள் அச்செடுத்துப் பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். லேப்காரர், அதாவது முதலாளி, பிளாஸ்டர் மாவு கரைத்து அச்சு ஊற்றுவார். மெழுகுக்காரி மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நட்டு வரிசை கட்டுவாள். கடைசியில் பாலிஷ் போடுகிறவளிடம் வரும், இந்தக் கதை அவளைப் பற்றித்தான். அங்கே எல்லோருக்கும் இவள் பாலிஷ் அக்கா. ஓடுகிற துணிச் சக்கரத்தில் வெள்ளைக் குழம்பைத் தடவி, ரோஸ் நிற ஈறை அதில் காட்டித் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் அழுத்திவிட்டால் ஈறு சூடேறி வளைந்துபோகும். கொஞ்சம் விட்டுவிட்டால் சொரசொரப்பு நாக்கைக் கிழிக்கும். ஊரில் பாதிப் பேர் சிரிக்கிற சிரிப்பு இவள் கை வழியாகப் போனதுதான். இவள் சிரித்துத்தான் ரொம்ப நாளாகிறது.

வீட்டில் அப்பா இருந்தார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். இப்போது மறதி. சில நாள் மகளை அடையாளம் தெரியும், சில நாள் "நீங்க எந்த ஸ்டாப்பும்மா?" என்று கேட்பார். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அண்ணன் வேறு ஊரில். இவளுக்குக் கல்யாணம் ஒன்று நடந்து, அது நடந்த வேகத்திலேயே முடிந்தும் போயிற்று. ஆக, மாடி வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும். வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. போனால் அப்பாவைப் பார்க்க ஆளில்லை. ஆள் வைக்கிற வசதியெல்லாம் விளம்பரத்தில் வருகிறவர்களுக்குத்தான்.

கதவைப் பூட்டிவிட்டுப் போகலாமே என்பீர்கள். அதையும் செய்து பார்த்தாள். அப்பா கதவை இடித்த இடியில் உள்ளங்கை கிழிந்து, கீழ்வீட்டு அக்கா பதறிப்போய்ப் பூட்டை உடைத்தார். "தீ கீ புடிச்சா என்னடி பண்ணுவ? மனுஷனை வச்சுப் பூட்டுறியே?" என்று சத்தம் போட்டார். அன்றோடு பூட்டு போயிற்று. அதற்குப் பதில் வந்ததுதான் பழைய போன்.

ஏற்பாடு எளிமையானது. காலையில் அப்பாவைக் குளிக்க வைத்து, சாப்பிட வைத்து, ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைப்பாள். எதிர் அலமாரியில் சர்க்கரை டப்பா மேல் பழைய போனைச் சாய்த்து வைத்து, சார்ஜரில் சொருகி, தன் போனிலிருந்து வீடியோ கால் போட்டுவிடுவாள். லேபுக்கு வந்ததும் மாவு மூட்டை ஓரம் தன் போனைச் சாய்த்து வைப்பாள். அங்கே அப்பா தெரிவார், அவருக்கு இவள் தெரிவாள். இரண்டு பக்கமும் சத்தத்தை நிறுத்தி வைத்திருப்பாள், சக்கரத்தின் இரைச்சலில் வேறு எதுவும் கேட்காது. பேச்சில்லாத கால், காலையிலிருந்து சாயங்காலம் வரை.

"நான் போயிட்டு வரேன்ப்பா. இதுல தெரிவேன். எங்கயும் போகாதீங்க."

"சரி பாப்பா" என்பார். நாற்பதைத் தாண்டிய பாப்பா படியிறங்குவாள்.

அப்பா உட்கார்ந்தாரென்றால் பிடித்து வைத்த பிள்ளையார்தான். கை முழங்காலில், முகம் நேரே. இருமல்கூட எப்போதாவதுதான். ஸ்டியரிங் பிடித்தே பழகிய உடம்பு, அசையாமல் இருப்பது அதற்கு ஒரு வேலை மாதிரி. அதில்தான் வந்தது சிக்கல். நெட் நின்று படம் உறைந்துபோனாலும் அப்பா அதேபோலத்தான் இருப்பார், நெட் ஓடினாலும் அதேபோலத்தான் இருப்பார். பார்ப்பது இப்போதைய அப்பாவா, போன மணி அப்பாவா? முதல் தடவை அவர் வீட்டைவிட்டுப் போனபோது, இவள் போனில் அவர் சமர்த்தாக உட்கார்ந்திருந்தார். "இன்னிக்குத் தங்கமா இருக்கார்டி" என்று மெழுகுக்காரியிடம் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் வீட்டு ஸ்லிப்பரோடு மருந்துக் கடைத் திருப்பத்து பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார். மருந்துக் கடைக்காரர் அடையாளம் கண்டு கூட்டிவந்து விட்டார்.

அதற்கப்புறம்தான் ரிப்பன். ஏதோ பார்சலில் வந்த சிவப்பு ரிப்பனை அப்பாவுக்குப் பின்னால் இருக்கும் மேசை ஃபேனில் கட்டிவிட்டாள். ரிப்பன் ஆடினால் படம் உயிரோடிருக்கிறது. நின்றால் நெட் செத்தது. நின்றவுடனே கீழ்வீட்டு அக்காவுக்கு போன் போட வேண்டும், அவர் முணுமுணுத்துக்கொண்டே மாடியேறி, அப்பாவோடு நாலு வார்த்தை பேசி உட்கார வைத்துவிட்டு வருவார், சாயங்காலம் வரை அவ்வப்போது. "இருக்காருடி, எங்க போகப் போறார்" என்பார். இவள் பாலிஷ் போடுவாள், ரிப்பனைப் பார்ப்பாள். கண் அங்கே ஒரு தடவை, இங்கே ஒரு தடவை. வீட்டுக்கு வந்து கண்ணை மூடினாலும் ஏதோ சிவப்பாக ஆடிக்கொண்டிருக்கும்.

ஒழுங்காகத்தான் ஓடும், மதியச் சாப்பாடு வரை. அதற்கு மேல் அன்றைய டேட்டா அளவு தீர்ந்துவிடும். தெருவுக்குள் கேபிள் நெட் வரவில்லை, கேட்டால் 'பரிசீலனையில் உள்ளது' என்பார்கள். கூடுதல் பேக் போட்டுப் பார்த்தாள், அதையும் வீடியோ ஒரே மூச்சில் குடித்துவிட்டது. படத்தின் தரத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தாள், அப்பா மூக்கும் முழியும் கரைந்து போனார், ஆனாலும் மதியம் மதியம்தான். கடைசியில் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கஸ்டமர் கேருக்கு போன் போட்டாள். பாட்டெல்லாம் பாடி, அதை அழுத்து இதை அழுத்து என்று அலைக்கழித்து, ஒருவழியாக ஒரு பெண் வந்தாள்.

"மேடம், உங்க பிளான் அன்லிமிடெட்தான் மேடம். நெட் நிக்கவே நிக்காது. அன்னிக்கு அளவு முடிஞ்சதும் வேகம் மட்டும்தான் குறையும்."

"எவ்வளவும்மா குறையும்?"

"மெசேஜ் எல்லாம் வரும் மேடம்."

"வீடியோ?"

"வீடியோவும் வரும் மேடம். கொஞ்சம் நேரமெடுக்கும், அவ்வளவுதான்."

"எங்கப்பா மதியம் எந்திரிச்சு நடந்து போனா, அது எனக்கு சாயங்காலம் வந்து சேருமா?"

"உங்க சிரமத்துக்கு வருந்துறோம் மேடம். இது எங்க நியாயமான பயன்பாட்டுக் கொள்கை."

"நியாயமா? யாருக்கும்மா நியாயம்?"

பெண் குரலைத் தாழ்த்தினாள். "மேடம், நானும் இதே பிளான்தான். மதியத்துக்கு மேல என் பிள்ளையைப் பார்க்க முடியறதில்ல." உடனே பழைய குரலுக்குத் திரும்பி, "வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?" என்றாள். இவளுக்குத் திட்டக்கூட மனசு வரவில்லை. போனை வைத்துவிட்டுச் சக்கரத்தை ஓட்டினாள்.

இரண்டாவது தடவை அப்பா இன்னும் கொஞ்சம் தூரம் போய்விட்டார். பாலத்து ஸ்டாப்பில் கண்டுபிடித்தார்கள். அன்றைக்கு ரிப்பன் நின்றதைப் பார்த்து அக்காவுக்கு போன் போட்டாள், அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு மேலே போவதற்குள் நாற்காலி காலி. அந்த ரோட்டிலேயேதான் பஸ் டிப்போவும் இருக்கிறது, பாலம் தாண்டி, லேபும் தாண்டி. "பழைய டிப்போவுக்குப் போறார், டியூட்டி ஞாபகம்" என்றார்கள். டாக்டர், பொழுது சாய்கிற நேரத்தில் இந்த நோயாளிகளுக்கு மனசு அலைபாயும் என்றார். மதியத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது அப்பாவைத் தூங்கவும் வைக்கவில்லை, விழித்திருக்கவும் விடவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

அண்ணன் அன்று போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் இவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். சோர்ந்துபோன குரலில் பேசினான்.

"இங்க ஒரு முதியோர் இல்லம் பார்த்திருக்கேன். நல்லாத்தான் இருக்கு. இடம் கிடைக்கறதே கஷ்டம், சொல்லி வச்சிருக்கேன்."

"அவர் அங்க ஒரு வாரம் தாங்க மாட்டார்ண்ணா."

"பாலத்துல லாரி அடிச்சா மட்டும் தாங்குவாரா? நீ பார்த்துக்கற, நான் இல்லன்னு சொல்லல. ஆனா இன்னொரு தடவை வெளிய போனார்னா, அதுக்கப்புறம் நீ எதுவும் சொல்லக் கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்று சொன்னாள். வேறு என்ன சொல்வது? இல்லத்தில் சாயங்காலமானால் எல்லோரையும் வரிசையாகப் படுக்க வைத்துக் கட்டில் தடுப்பைத் தூக்கிவிடுவார்கள் என்று மெழுகுக்காரி சொல்லியிருந்தாள், அவள் மாமியார் அப்படித்தான் போனாராம்.

அதற்கப்புறம் வந்த ஒரு மதியம். அவசர ஆர்டர், கல்யாணத்துக்குப் போகிற ஒரு பெரியவருக்கு மேல் செட், கீழ் செட் இரண்டும். லேப்காரர் நின்ற இடத்தில் நிற்காமல் நடந்துகொண்டிருந்தார். இவள் செட்டைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி ஒரு கீறலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரத்தில் வெகு நேரமாகப் போன் பக்கமே கண் போகவில்லை. திரும்பினால், ரிப்பன் நின்றிருந்தது, எப்போது நின்றதோ. வளைந்து, பாதி எழும்பிய கோலத்தில் அப்படியே.

கீழ்வீட்டு அக்காவுக்கு போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுத்தவர், "நான் எங்கம்மாவைக் கூட்டிட்டு ஆஸ்பத்திரில இருக்கேன்டி, காலையிலயே சொன்னேனே!" என்றார். சொல்லித்தான் இருந்தார். இவள்தான் சரி சரி என்று தலையாட்டிவிட்டு மறந்திருந்தாள். அப்பாவுக்கு மட்டும்தான் மறதி என்று யார் சொன்னது?

ஏப்ரனை அவிழ்த்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் லேப்காரர்.

"வீட்டுக்கு."

"பாலிஷ் அக்கா, விளையாடாதீங்க. செட்டை எடுக்க வண்டி வந்து நிக்கப் போகுது. போன் நின்னா அப்பாவும் போயிட்டாருன்னு அர்த்தமா? இதுக்கு முன்ன நின்னப்ப பெரும்பாலும் வீட்லதானே இருந்தார்?"

"இருந்தார்தான் சார். இப்ப இருக்காரான்னு தெரியலையே."

"கீழ் செட்டை மட்டுமாவது முடிச்சுட்டுப் போங்க."

மெழுகுக்காரி எழுந்து வந்து செட்டை இவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "நான் போடறேன் சார். சுமாரா இருந்தா அந்தப் பெரியவர் வாயை மூடிட்டுச் சிரிக்கட்டும். நீ போக்கா."

மாடிப்படி இறங்கி, முற்றத்தைத் தாண்டி ஓடினாள். கேட்டருகே செக்யூரிட்டி யாரிடமோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, யாரைப் பார்க்கணும், பேர் சொல்லுங்க. பேர் சொல்லாம உள்ள விட முடியாது."

"பாப்பா."

"பாப்பான்னா எந்தப் பாப்பா? இங்க பாப்பா யாரும் இல்ல, எல்லாம் பாட்டி வயசுதான்."

"நீ தள்ளுப்பா. ஆபத்து சமயத்துல பேர் ஊர் கேட்டுட்டு நிக்கற."

அப்பா. வீட்டு ஸ்லிப்பர், ஆனால் இஸ்திரி போட்ட சட்டை, பித்தான் ஒன்று மாறிப் போட்டது. வீட்டில் எவ்வளவு கெஞ்சினாலும் போட்டுக்கொள்ளாத பல் செட், இவள் கையால் பாலிஷ் போட்ட செட், வாயில் பளிச்சென்று இருந்தது. வெளியே கிளம்புகிறோம் என்று தெரிந்து, பார்த்துப் பார்த்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

இவளைக் கண்டதும் செக்யூரிட்டியை ஒரே தள்ளு தள்ளிவிட்டு வந்தார். இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். முகத்தைத் தொட்டார். நெற்றியைத் தொட்டார்.

"அசையுற" என்றார். "அசையுற, அசையுற." உட்கார இடம் தேடிச் சுவரைப் பிடித்தார்.

"அப்பா, எப்படி வந்தீங்க? யாரு கூட வந்தீங்க?"

"பஸ்ல. ஸ்டாஃப்னு சொன்னேன். கண்டக்டர் டிக்கெட் கேக்காம விட்டுட்டான், நல்ல பையன்." மூச்சு வாங்கியது. "நீ அப்படியே நின்னுட்ட பாப்பா. கையில பல்லைத் தூக்கிப் புடிச்சிட்டு. கண்ணு இமைக்கல. நானும் கூப்புட்டுப் பார்த்தேன். பொறுத்துப் பார்த்தேன். நீ அசையவே இல்ல. பக்கத்துல ஒருத்தர்கூட என்னன்னு கேக்கல. என்ன எடம் இது? அதான் நானே வந்துட்டேன்."

இவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது சுவரோரம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மருந்துக் கடைத் திருப்பம், பாலம், இப்போது கேட். டிப்போவும் இல்லை, டியூட்டியும் இல்லை. ஒவ்வொரு தடவையும் இங்கேதான் வந்துகொண்டிருந்திருக்கிறார், பாதி வழியில் நாம்தான் பிடித்துப் பிடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். இவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்த ரூட்டில்தான் அவர் பஸ், கேட்டைக் கடக்கும்போதெல்லாம் ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போவார். எத்தனையோ மறந்த மனுஷன் அதை மட்டும் மறக்கவில்லை. காலையிலிருந்து பிள்ளையார் மாதிரி அவர் உட்கார்ந்திருந்தது சும்மா இல்லை. இவள் அவரைக் காவல் காப்பதாக நினைத்திருந்தாள், அவர் இவளைக் காவல் காத்துக்கொண்டிருந்தார். இவளுக்கு ரிப்பன் இருந்தது. அவருக்கு இவள் கை.

பொழுது சாய்கிற நேரத்து மன அலைச்சலாம், மாத்திரையாம். டேட்டா தீர்ந்த நேரம் அது, பாவிகளா! அந்த மருந்துச் சீட்டைக் கிழித்து போன் கம்பெனி வாசலில் வீச வேண்டும்போல ஆத்திரம் வந்தது. வீசப் போகிற தெம்புதான் இல்லை. அப்பாவின் சட்டைப் பித்தானைக் கழற்றிச் சரியாக மாட்டிவிட்டாள்.

அண்ணனிடம் மறைத்திருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் சம்மதம் என்று சொன்ன வாய் இதே வாய்தானே. அன்று சாயங்காலமே போன் போட்டு நடந்ததை நடந்தபடி சொன்னாள். அண்ணன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"சரி. உன்னைத் தேடித்தான் வந்தார். அதனால ரோடு கொஞ்சம் மெல்லப் போகுமா?"

"போகாது."

"நாளைக்கும் மதியம் அந்தக் கண்றாவி நிக்கும்தானே?"

"நிக்கும்."

"அப்ப என்னதான் பண்றது? நீயே சொல்லு."

"இந்த ஞாயித்துக்கிழமை நீ வரேல்ல? அது வரைக்கும் டைம் குடு. அது வரைக்கும் அவர் வாசப்படி தாண்டலைன்னா இல்லப் பேச்சை விட்டுடணும். தாண்டினார்னா நானே பெட்டி கட்டித் தரேன்."

"சரி" என்றான். நம்பிக்கையில்லாத சரி.

மறுநாள் லீவு போட்டுக்கொண்டு வீட்டிலிருந்தாள். மதியம் வீடியோ காலைக் கட் பண்ணிவிட்டால் திரை கறுத்துப்போகும், கறுத்தால் கிளம்பிவிடுவார். டேட்டாவை மிச்சம் பிடித்து மதியத்துக்கு மேல் மட்டும் கால் போட்டாலும், அதுவரை திரை கறுத்துத்தான் கிடக்கும், இதே கதைதான். மெழுகுக்காரிதான் போனில் சொன்னாள். "ஏன்க்கா, அவருக்கு நீ அசையணும், அவ்வளவுதானே? நெட்டே வேணாம். நீ வேலை பண்றதை ஒரு வீடியோ எடுத்து அந்தப் பழைய போன்ல போட்டுடு. முடிஞ்சா மறுபடி முதல்லருந்து ஓடற மாதிரி வச்சுடலாம். எந்தக் கம்பெனிக்காரன் வந்து வேகத்தைக் குறைப்பான்?"

"அப்பாவை ஏமாத்தச் சொல்றியா?"

"அன்லிமிடெட்னு நம்மளை ஏமாத்தறாங்களே, அதைவிடவா?"

இவளுக்கு அது பிடிக்கவில்லை. பிடித்தது பிடிக்காதது பார்க்கிற நிலையில் இவள் இல்லை. அடுத்த நாள் அப்பாவைக் கீழ்வீட்டு அக்காவிடம் கெஞ்சி விட்டுவிட்டு லேபுக்குப் போனாள். மாவு மூட்டை ஓரம் போனைச் சாய்த்து, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, ஒரு மேல் செட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மெழுகுக்காரி வீடியோ எடுக்க ஆரம்பித்தாள். "சிரிக்கா, கொஞ்சம் சிரி" என்றாள். சிரிக்க வரவில்லை. செட்டைத் தேய்த்தாள், திருப்பினாள், ஊதினாள், வெளிச்சத்தில் காட்டினாள், மறுபடி தேய்த்தாள்.

மறுநாள் காலை எப்போதும்போல அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்தாள். பழைய போனில் அந்த வீடியோவைப் போட்டு, சர்க்கரை டப்பா மேல் சாய்த்தாள்.

"நான் போயிட்டு வரேன்ப்பா. இதுல தெரிவேன்."

"சரி பாப்பா."

அவரை நேராகப் பார்க்காமல் படியிறங்கினாள்.

அன்று முழுக்க மாவு மூட்டை ஓரம் காலியாக இருந்தது. பார்க்க ரிப்பன் இல்லை. கண்ணுக்கு ஓய்வுதானே என்று நினைத்தால், மனசு அதற்குமேல் ஓடியது. மதியம் வந்தது, போயிற்று. கீழ்வீட்டு அக்கா போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்து, "உக்காந்திருக்கார்" என்றார். சாயங்காலம் நெருங்க, மறுபடி, "அதேதான்டி. அசையல. அந்தப் போனையே கண் கொத்திப் பாம்பா பார்த்துட்டிருக்கார்." பாலிஷ் போட்ட செட்டில் ஒன்று சூடேறி வளைந்துபோனது. லேப்காரர் வளைந்ததை எடுத்துக் குப்பையில் போட்டார்.

வீட்டுக்கு வந்தபோது கதவு சாத்தியபடி இருந்தது. வாசலில் ஸ்லிப்பர் காலையில் வைத்த இடத்திலேயே. உள்ளே அப்பா நாற்காலியில் இருந்தார். அலமாரியில் இன்னொரு இவள் தலை குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். போன உயிர் திரும்பி வந்தது. போனை எடுத்து வீடியோவை நிறுத்தினாள்.

அண்ணனிடமிருந்து போன் வந்தது. "என்னாச்சு? வெளிய போனாரா?"

"இல்லண்ணா. எந்திரிக்கவே இல்லையாம்."

"நிஜமாவா? அப்ப இதையே வச்சுக்கலாமா?"

"வச்சுக்கலாம்னுதான் நினைக்கறேன். இரு, அப்பா ஏதோ கூப்பிடறார்."

அப்பா கையை நீட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். போனை மடியில் போட்டுக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்தாள். அவர் முகத்தில் கோபம் இல்லை, பஸ்ஸில் ஏறின பிள்ளை தூங்கி வழிவதைக் கண்ணாடியில் பார்க்கிற டிரைவரின் முகம்.

"ஏன் பாப்பா, ஒரே பல்லையே நாள் பூரா தேய்ச்சுட்டிருந்த? தேய்க்கற, ஊதற, தூக்கிப் பார்க்கற. மறுபடியும் அதே. ஒரு தடவைகூட நிமிர்ந்து என்னைப் பார்க்கல."

இவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"நானும் எந்திரிக்கலாம்னு பார்த்தேன்" என்றார். "அசைஞ்சுட்டுத்தானே இருக்கான்னு விட்டுட்டேன். ஆனா ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கல நீ. சோறு திங்கல. அந்தக் கடங்காரன் உன்னை எந்திரிக்கவே விடலையா?"

"இல்லப்பா, அது வந்து..."

"குடு" என்று இவள் வலது கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கட்டைவிரலால், சக்கரத்தில் செட்டைக் கொடுத்துக் கொடுத்து மரத்துப்போயிருந்த விரல்களை ஒவ்வொன்றாக அமுக்க ஆரம்பித்தார்.

"இவ்வளவு நேரம் தேய்ச்சியே, கை வலிக்கல?"

இத்தனை வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை. மடியில் கிடந்த போனில் அண்ணன், "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். "வலிக்குதுப்பா" என்றாள். சொல்லிவிட்டு, அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.